ஈரம் காக்கும் பூச்சுகள்

மார்கழி பிறந்தவுடன் மல்லேஸ்வரத்தில் அதிகாலைக் காற்றின் இயல்பே மாறிவிடுகிறது. உதடுகள் வெடிக்கின்றன. முழங்காலுக்குக் கீழே தோல் வெண்மை பூத்து, நகத்தால் கீறினால் கோடு தெரிகிறது. குதிகாலில் பித்தவெடிப்புக் காண்கிறது. முதியோர் பலர் இரவெல்லாம் சொறிந்துகொண்டு உறக்கம் இழக்கின்றனர். மாசி, பங்குனி மாதங்களில் குளிர் நீங்கினாலும் வறட்சி நீங்குவதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் காற்று, அக்காலத்துப் பிற்பகல்களில் மிகவும் உலர்ந்து விடுகிறது. சென்னையிலிருந்தோ நாகையிலிருந்தோ இங்குக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் இதனை முதல் ஆண்டிலேயே உணர்ந்து கொள்கின்றன.

இதற்குப் பரிகாரம் தேடிச் சம்பிகே ரோட்டுக்கோ எட்டாவது கிராஸுக்கோ போனால், கடையில் அடுக்கியுள்ள குப்பிகளும் டப்பாக்களும் நம்மைத் திகைக்க வைக்கின்றன. ஒன்றின் விலை நூறு ரூபாய். அதே அளவுள்ள மற்றொன்றின் விலை ஆயிரம் ரூபாய். ஒன்றின் முகப்பில் பாதாம் பருப்பின் படம், மற்றொன்றில் குங்குமப்பூ, வேறொன்றில் விஞ்ஞானக்கூடத்துக் கண்ணாடிக் குழாய். இவற்றுள் எதனை வாங்குவது? முகப்பைப் பார்த்து முடிவு செய்தல் எளிது. ஆனால் உண்மை எழுதியிருக்கும் இடம் டப்பாவின் பின்புறமேயாகும். அங்குப் பொடி எழுத்தில் அச்சிட்டுள்ள பெயர்ப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொண்டால், நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் இடையே உள்ள வேற்றுமை எவ்வளவு என்பதை நாமே மதிப்பிட்டு விடலாம். அதற்கு வேண்டிய சில செய்திகளை இங்கே ஆராய்வோம்.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வெளிமுகத்தில் இருப்பது உயிரற்ற செல்களாலான ஒரு மெல்லிய படலம். உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, மற்ற இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். விஞ்ஞானிகள் இதனைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடுவர். தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள் சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்ததே அந்தச் சாந்து. வியர்வை நீங்கலாகவே, நாள்தோறும் முந்நூறு, நானூறு மில்லிலிட்டர் நீர் இச்சுவரின் வழியாக நம் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிறது. சாந்து உதிர்ந்தால் நீரிழப்பு மிகுகிறது. படலம் காய்ந்து வெடிக்கிறது.

வறண்ட தோலுக்கு எண்ணெய்ப் பசை குறைந்துவிட்டது, ஆகையால் எண்ணெய் தடவினால் போதும் என்று நெடுங்காலம் கருதி வந்தனர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளரான இர்வின் பிளாங்க் என்பவர் ஓர் எளிய சோதனையால் இதனைத் தெளிவுபடுத்தினார். காய்த்துத் தடித்த தோலின் துண்டுகளை அவர் நன்றாக உலர்த்தினார். உலர்ந்த துண்டு வளைத்தால் முறிந்தது. எண்ணெயில் ஊறப்போட்ட பின்பும் அது முறியும் தன்மையை விடவில்லை. நீரை உறிஞ்சிய பின்னரோ அது மென்மையாக வளைந்து கொடுத்தது. தோலை மிருதுவாக்குவது நீரே என்பது இதனால் விளங்கியது. அங்ஙனமாயின் எண்ணெயால் பயன் இல்லையா என்று கேட்கலாம். பயன் உண்டு. உள்ளிருந்து வரும் நீரை ஓடிவிடாமல் மறித்து வைப்பது எண்ணெயின் வேலை. மாய்ஸ்சரைசர் என்று நாம் வாங்கும் பூச்சு தோலுக்கு ஈரத்தைக் கொண்டுவந்து ஊட்டுவதைக் காட்டிலும், இருக்கும் ஈரத்தைக் காப்பதே முக்கியம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக் கொண்டால் பட்டியலைப் படிப்பது எளிதாகிவிடும்.

பட்டியலிலுள்ள பெயர்கள் எத்தனை நீண்டிருப்பினும், தோலுக்கு வேலை செய்யும் பொருள்கள் மூன்றே வகைப்படும். நீரை ஈர்த்துப் பிடிப்பவை ஒரு வகை. பிளவுகளை நிரப்பி வழவழப்பைத் தருபவை இரண்டாம் வகை. மேலே மூடிபோல் படிந்து நீராவியைத் தடுப்பவை மூன்றாம் வகை.

முதல் வகையில் தலையாயது கிளிஸரின். 1779-இல் ஸ்வீடன் நாட்டு இரசாயனர் ஷீலே, ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்ஸைடுடன் சேர்த்துக் காய்ச்சியபோது இனிப்பான ஒரு திரவத்தைக் கண்டார். பின்னர் பிரான்ஸ் நாட்டு ஷெவ்ரல், இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிளிஸரின் என்று பெயர் சூட்டினார். விலை மலிவு, தீங்கு மிகக் குறைவு. இவ்வகையைச் சேர்ந்த மற்றொன்று யூரியா. இது நம் தோலிலேயே இயற்கையாக உள்ள பொருள். நூற்றுக்குப் பத்து அளவு வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். இருபதுக்கு மேற்பட்டால் தடித்த தோலைக் கரைத்து இளக்கும். ஆதலால் பித்தவெடிப்புக்கு ஏற்றது. ஆயினும் புண்பட்ட தோலில் இது எரிச்சல் தரும். இப்போது விளம்பரங்களில் பெரிதும் பேசப்படும் ஹையலூரானிக் அமிலமும் இவ்வகையினதே. 1934-இல் மாட்டுக் கண்ணின் உள்ளிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இதன் பெரிய மூலக்கூறுகள் தோலின் மேற்பரப்பிலேயே தங்கி நீரைப் பிடிக்கின்றன. பெயரின் கவர்ச்சி மிகுதி. செய்யும் தொழிலோ கிளிஸரினின் தொழிலேயாகும்.

இரண்டாம் வகையில் தாவர எண்ணெய்கள், ஸ்குவாலேன், செராமைடு முதலியன அடங்கும். ஸீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்னும் பெயர்களைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். அவை சாராயம் போன்று தோலை உலர்த்துபவை அல்ல. மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்களே. தோலை உலர்த்தக் கூடியது, ஆல்கஹால் என்றோ எதனால் என்றோ தனித்து முன்வரிசையில் எழுதியிருப்பது.

மூன்றாம் வகையில் வாஸலின் என்று நாம் வழங்கும் பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின், தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின், டைமெதிகோன் என்னும் சிலிக்கோன் ஆகியவை வருகின்றன. பென்ஸில்வேனியா எண்ணெய்க் கிணறுகளின் இறைப்புத் தண்டுகளில் படிந்த கசண்டிலிருந்து ராபர்ட் செஸ்பரோ பிரித்தெடுத்து, 1872-இல் உரிமைப் பட்டயம் பெற்ற அந்த ஜெல்லிக்கு நிகராக நீராவியைத் தடுக்கும் பூச்சு இன்றும் அரிது. மூன்று வகைகளுள் மிக மலிவானவற்றில் ஒன்று அது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

இம்மூன்றும் நீருடன் கலந்தால்தான் கிரீமோ லோஷனோ உருவாகும். எண்ணெயும் நீரும் இயல்பாக ஒட்டுவதில்லை. இணைப்பதற்கு ஒரு பொருள் வேண்டும். நம் அடுக்களையிலேயே இதற்கு உவமை உண்டு. பாலில் நீர் மிகுதி. கொழுப்பு சிறு துளிகளாக அதனுள் மிதக்கிறது. வெண்ணெயில் கொழுப்பு மிகுதி. நீர் துளிகளாக அதனுள் அடங்கியுள்ளது. லோஷன் பால் போன்றது. விரைவில் உலரும், பிசுபிசுக்காது, காப்பும் குறைவு. களிம்பு வெண்ணெய் போன்றது. பிசுபிசுப்பு மிகுதி, காப்பும் மிகுதி. கிரீம் என்பது பெரும்பாலும் இவற்றுக்கு இடைப்பட்டது.

பழைய பூச்சுகளையும் இக்கண்கொண்டு பார்க்கலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவரான காலென் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் குழைத்துச் செய்தது கோல்ட் கிரீமின் மூதாதை. மூடும் பொருளே அதில் மிகுதி. 1911-இல் ஜெர்மனியில் வெளிவந்த நிவியா, ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்த இணைப்புப் பொருளால் வெண்ணெய் முறையில் அமைந்தது. 1929-இல் கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா தோற்றுவித்த போரோலின் களிம்பில் லனோலினுடன் போரிக் அமிலமும் துத்தநாக ஆக்ஸைடும் சேர்ந்தன. 1919-இல் பம்பாயில் பாட்டன்வாலா தொடங்கிய ஆப்கான் ஸ்னோ போன்ற ஸ்னோ வகைகளோ வேறு இனம். ஸ்டீயரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வகைப் பூச்சுகள் தடவியதும் மறைந்துபோகும். பவுடர் பூச ஏற்றவை. வறட்சியைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. முகத்துக்கு இதமாக இருப்பது வேறு, ஈரத்தைக் காப்பது வேறு.

இனி ஊரின் காற்றைக் கருத வேண்டும். சென்னையில் பங்குனிப் பிற்பகலிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு அறுபதை ஒட்டியே இருக்கும். அங்குக் கிளிஸரின் மிகுந்த மெல்லிய லோஷன் ஒன்றே போதுமானது. பெங்களூரில் அதே வேளையில் ஈரப்பதம் முப்பதை ஒட்டித் தாழ்ந்துவிடும். வெளிக்காற்றில் நீர் இல்லாதபோது கிளிஸரின் தோலின் உள்ளிருந்து வரும் நீரையே பிடிக்க வேண்டியுள்ளது. மேலே மூடி இல்லையேல் அந்நீரும் ஆவியாகிவிடும். ஆதலின் கடற்கரை ஊரில் நன்கு பயன்பட்ட குப்பி மல்லேஸ்வரத்தில் பயன்படவில்லை என்றால் குற்றம் குப்பியினுடையதன்று. இங்குப் பட்டியலில் கிளிஸரினுடன் வாஸலின், டைமெதிகோன், பாரஃபின் போன்ற ஒரு மூடும் பொருளும் முன்வரிசையில் இருத்தல் வேண்டும்.

பூச்சைப் பற்றிப் பேசுகையில் சோப்பை மறத்தலாகாது. மல்லேஸ்வரத்தின் தென்முனையிலுள்ள சம்பிகே ரோடு மெட்ரோ நிலையத்திலிருந்து வடக்கே ஐந்தாவது நிலையத்துக்குச் சந்தன சோப்புத் தொழிற்சாலையின் பெயரையே இட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரால் மைசூர்ச் சந்தனக் கட்டைகளுக்கு ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, மல்லேஸ்வரத்துக்கு அண்மையிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சந்தன எண்ணெய் வடிக்கும் சோதனைகள் நடைபெற்றன. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், 1916-இல் பெங்களூரில் அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலை தோன்றியது. இரசாயனர் சோசலே கரளபுரி சாஸ்திரி அதன் சோப்பை உருவாக்கியவர். 2006-இல் மைசூர் சந்தன சோப்பு புவிசார் குறியீடும் பெற்றது.

கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு ஒருபுறமும் கிளிஸரின் மறுபுறமும் கிடைக்கின்றன. ஆக, தோலின் கொழுப்பைக் கழுவிப் போக்கும் பொருளும், தோலில் ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளும் ஒரே கொப்பரையில் பிறந்த உடன்பிறப்புகள். தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. சோப்போ காரத்தன்மை உடையது. சுடுநீரில் நெடுநேரம் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, போன சாந்தை ஆயிரம் ரூபாய்ப் பூச்சினால் மீட்க முயல்வது வீண் செலவு. வறண்ட தோலுடையோர் பனிக்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பை ஒதுக்கினால், அதுவே பாதி வைத்தியம். சந்தனத்தின் மணம் மனத்துக்கு இனியது. ஆனால் மணப்பொருள் எதுவும் ஈரத்தைக் காக்கும் வகையில் சேராது.

வீட்டிலுள்ள எண்ணெய்களின் நிலை என்ன? தேங்காயெண்ணெய்க்கு நற்சான்று உண்டு. 2004-இல் பிலிப்பைன்ஸ் நாட்டவர் வெளியிட்ட ஆய்வில், வறண்ட தோலுடைய 34 பேர் இரண்டு பிரிவாகி, இரு வாரம், நாளைக்கு இருமுறை, ஒரு சாரார் தேங்காயெண்ணெயும் மற்றவர் கனிம எண்ணெயும் தடவினர். இரண்டும் ஒத்த பயனையே அளித்தன. ஆலிவ் எண்ணெயின் செய்தி வேறு. 2013-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில் அது தோலின் சுவரை நெகிழச் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. உயர்ந்த விலையும் அயல்நாட்டுப் பெயரும் உயர்ந்த காப்புக்கு உறுதி ஆகா.

இதில் உயிரே பணயமாவதும் உண்டு. டாக்கா நகரின் சிசு மருத்துவமனையில், 33 வாரம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை முறையாகத் தடவி வந்தனர். மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் அவர்களிடையே 41 விழுக்காடு குறைந்தது என 2005-இல் லான்ஸெட் இதழ் வெளியிட்டது. குறைமாதக் குழந்தையின் தோற்சுவர் நிறைவுபெறாதது; கிருமி நுழைய அது வழிவிடுகிறது. எண்ணெய் அவ்வழியை ஓரளவு அடைத்தது. ஆயினும் இதனை மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்யலாகாது. நிறைமாதக் குழந்தைகளைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1,394 சிசுக்களைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, முதலாண்டு முழுவதும் நாள்தோறும் பூச்சு தடவினாலும் எக்ஸிமா என்னும் கரப்பான் வராமல் தடுக்க இயலவில்லை என்று காட்டியது. வறட்சிக்குப் பூச்சு பயன்படும். எல்லா நோய்க்கும் அது காப்பு எனக் கூறுவது மிகை.

இப்போது டப்பாவைத் திருப்பிப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் சேர்ந்த பொருள்களை மிகுதியானது முதலாகக் குறைவானது ஈறாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஒன்றும் அதற்குக் குறைவும் ஆனவற்றை அதன் பின்னர் எவ்வரிசையிலும் எழுதலாம். மிகச் சிறிய குப்பிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களே பூச்சின் உடல். மற்றவை பெரும்பாலும் அணிகலன்கள்.

இவ்வரிசையில் ஓர் எல்லைக்கல்லும் உண்டு. ஃபினாக்ஸி எதனால் என்பது பூச்சில் கிருமி வளராமல் காக்கும் பொருள். அதனை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சேர்ப்பதில்லை. எனவே பட்டியலில் அப்பெயருக்குப் பின் வரும் எதுவும் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்று கொள்ளலாம். முகப்பில் பெரிதாகப் படம் வரைந்த பாதாமும் குங்குமப்பூவும் அந்த எல்லைக்கல்லுக்கு அப்பால் நிற்குமாயின், நாம் விலை கொடுப்பது பெரும்பாலும் படத்துக்கே.

இரு டப்பாக்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நூறு ரூபாய் டப்பாவில் வரிசை இவ்வாறு உள்ளது: அக்வா என்னும் நீர், கிளிஸரின், பெட்ரோலேட்டம், ஸீட்டைல் ஆல்கஹால், டைமெதிகோன், ஃபினாக்ஸி எதனால். ஆயிரம் ரூபாய் டப்பாவில்: அக்வா, கிளிஸரின், ஸீட்டைல் ஆல்கஹால், டைமெதிகோன், ஃபினாக்ஸி எதனால், மணப்பொருள், குங்குமப்பூச் சாறு, ஹையலூரானிக் அமிலம். இரண்டிலும் நீர் பிடிக்கும் பொருள் ஒன்றே. வழவழப்புத் தருவதும் ஒன்றே. மூடும் பொருள் முதலாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று. நம் ஊரின் மாசிக் காற்றுக்கு முதலாவதே வலிமை உடையது; அதில் மணப்பொருளும் இல்லை. இரண்டாவது தடவ இலேசாக இருக்கலாம். இனிய மணம் வீசலாம். அவற்றுக்காக விலை கொடுக்க விரும்புவோர் தெரிந்து கொடுக்கலாம். தெரியாமல் கொடுப்பதுதான் தகாது. மெல்லிய வருவாயில் நடக்கும் குடும்பத்தில், விலை உயர்ந்ததே நல்லது என்று நம்பி வாங்கி, தீர்ந்துவிடுமே என்று அஞ்சிக் கிள்ளிக் கிள்ளித் தடவுவதைவிட, மலிவானதைத் தாராளமாகத் தடவுவது தோலுக்கு நன்மை.

இங்கே சில எச்சரிக்கைகள் கூற வேண்டும். பூச்சுகளால் உண்டாகும் ஒவ்வாமைக்கு மணப்பொருள் முதன்மையான காரணங்களுள் ஒன்று. எளிதில் அரிக்கும் தோலுடையோர் மணமற்றதைத் தேர்வது நலம். புதிய பூச்சை முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்து, பின்னர் மேனிக்குப் பயன்படுத்தலாம். நீர் கலந்த பூச்சில் கிருமி காக்கும் பொருள் இருத்தல் இன்றியமையாதது. அது இல்லை என்று பெருமை பேசும் டப்பாவுக்குச் சிறப்புத் தர வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பழகு தரும் என்று சொல்லி விற்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது உண்டு. நாளடைவில் தோலை மெலியச் செய்து, முகத்தில் நிலையான சிவப்பையும் பருக்களையும் விளைவிப்பது அது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. பட்டியலில் பெயர் சோன் என்றோ சோல் என்றோ முடியும் மருந்தைக் கண்டால், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்பனபோல, மருத்துவரைக் கேளாது தொடலாகாது.

பொருளைத் தேர்ந்த பின் பயன்படுத்தும் முறையும் முக்கியம். குளித்தவுடன் துவாலையால் ஒற்றி, தோலில் சற்று ஈரம் இருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் பூச வேண்டும். காய்ந்த பின் பூசினால் காக்க வேண்டிய நீர் போய்விட்டிருக்கும். எண்ணெய் தேய்த்துச் சீயக்காயிட்டு அதனை முற்றும் போக்கும் வழக்கம் உள்ள இல்லங்களில், குளித்த பின் சில துளி எண்ணெயை ஈர மேனியில் தடவுவது வறட்சிக்கு மேலும் உதவும். பாரஃபின், வாஸலின், எண்ணெய் ஆகியவை ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். முதியோர் அவ்வுடையுடன் விளக்கருகேயும் அடுப்பருகேயும் செல்லாதிருத்தல் வேண்டும். இரண்டு வாரம் முறையாகப் பூசியும் அரிப்பும் செதிலும் நீங்காவிட்டால், அது வெறும் வறட்சியாக இராது. தைராய்டு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றின் அறிகுறியாகவும் இருக்கக் கூடும். அப்போது நாட வேண்டியது கடையை அன்று, மருத்துவரை.

ஆகவே அடுத்த முறை எட்டாவது கிராஸில் ஒரு டப்பாவைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். நீரைப் பிடிப்பது எது? பிளவை நிரப்புவது எது? மேலே மூடுவது எது? இம்மூன்றுக்கும் விடை முதல் ஐந்தாறு பெயர்களுள் கிடைத்துவிட்டால் அந்தப் பூச்சு தன் தொழிலைச் செய்யும். எஞ்சியவை மணமும் நிறமும் படமுமே. அவற்றுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவரவர் பையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.